குறைமாதக் குழந்தையும் என்ஐசியுவும்: பெற்றோர் கையில் இருக்கும் வேலைகள்

கூடல்நகர் எழுதியது:

குறைமாதக் குழந்தை பற்றி ஆளுக்கொரு இழையில் கேட்டுக்கொண்டிருக்கிறோம், பதில்களும் சிதறிக் கிடக்கின்றன. இங்கே ஒன்றாகச் சேர்ப்போம். எல்லோரும் ஒரே கணக்கில் பேச வசதியாக ஒரு குழந்தையை வைத்துக்கொள்வோம்: 29 வாரத்தில் பிறப்பு, எடை 1200 கிராம், மூக்கில் சிபாப் (நுரையீரல் சுருங்காமலிருக்க மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் கருவி), டிரிப்ஸ் ஏறுகிறது. அரசு மருத்துவமனை எஸ்என்சியுவோ தனியார் என்ஐசியுவோ (நலிந்த பச்சிளங்குழந்தைகளுக்கான தனிப் பிரிவுகள்), எதுவானாலும் சரி.

வேண்டியது அளவு, நேரம், காரணம். அவரவர் வீட்டு அனுபவத்துக்கு வேறு இழை இருக்கிறது. சிகிச்சை முடிவு டாக்டருடையது, இங்கே பேசுவது பெற்றோர் பக்கத்து வேலை.

முதல் கேள்வியை நானே போடுகிறேன். குழந்தை உள்ளே போய்விட்டது, அம்மா வார்டில், அப்பா ஃபார்மசி கவுண்டரில். முதல் ஆறு மணி நேரத்தில் வீட்டார் செய்தே ஆக வேண்டியது எது?

பாலமுது எழுதியது:

சீம்பால் எடுப்பது. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் நல்லது, எப்படியும் ஆறு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். சிசேரியன் ஆன அம்மாவும் படுத்தபடியே எடுக்கலாம், பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொண்டால் போதும். முதல் நாளில் வருவது சொட்டுதான். அதற்குப் பம்ப் வைத்தால் வந்ததெல்லாம் பம்பிலேயே ஒட்டிக்கொண்டு ஒன்றும் தேறாது. கையால் பீய்ச்சி, ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சிக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் இடத்தில்தான் தப்பு நடக்கிறது. காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் மிச்சம். காம்பிலிருந்து மூன்று செ.மீ. போலத் தள்ளி, கருவளையத்தின் ஓரத்தில் மேலே கட்டைவிரல், கீழே ஆள்காட்டி விரல். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி, விட்டுவிட வேண்டும். விரல் தோலில் வழுக்கிக்கொண்டு ஓடக் கூடாது. சொட்டு குறைந்ததும் மறுபக்கம், திரும்பவும் முதல் பக்கம். விரல் வைக்கும் இடத்தைச் சுற்றிலும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தம் 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

24 மணி நேரத்தில் 8 முதல் 10 தடவை. இரவில் ஒரு தடவையாவது கட்டாயம், ஏனென்றால் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதல். "பாவம், அசதியா இருக்கா, விடியற வரை தூங்கட்டும்" என்று தினமும் விட்டால் மூன்றாவது வாரத்தில் பால் வற்றுகிறது.

இலக்கு: பத்திலிருந்து பதினாலாம் நாளுக்குள் தினம் 500 மி.லி., முடிந்தால் அதற்கு மேலும். குழந்தைக்கு அன்றைய தேவை 50 மி.லி.தானே என்று நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் எவ்வளவு காலி செய்கிறோமோ அதை வைத்துத்தான் பின்னால் எவ்வளவு சுரக்கும் என்பது அமைகிறது.

கரிசல்காடு எழுதியது:

ரெண்டு சொட்டை எடுத்துக்கிட்டுப் போனா உள்ள வாங்குவாங்களா? குழந்தைக்கு வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருப்பாங்களே. அப்புறம் எங்க பக்கம் பூண்டும் சுறாப்புட்டும் குடுத்தா பால் ஊறும்பாங்க. அது நெசமா?

இரவுப்பணி எழுதியது:

வாங்குவோம். போர்டு மாட்டியிருக்கும் குழந்தைக்கும் ஒவ்வொரு கன்னத்தின் உள்பக்கமும் 0.1 மி.லி. சீம்பால் தடவும் வழக்கம் பல யூனிட்டில் இருக்கிறது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. அது ஃபீடிங் கணக்கில் சேராது. உங்கள் யூனிட்டில் செய்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். கேட்காவிட்டால் அவசரத்தில் விட்டுப்போகும்.

ஒரு வேண்டுகோள்: லேபிள். தாய் பெயர், ஐபி நம்பர், தேதி, பீய்ச்சிய நேரம். இரட்டைக் குழந்தை என்றால் ஏ, பி. பேனாவால் எழுதினால் ஃபிரிட்ஜ் ஈரத்தில் அழிந்துவிடும், மார்க்கர் வாங்கி வையுங்கள். லேபிள் இல்லாத பாலைக் கொட்டுவதைத் தவிர எங்களுக்கு வழியில்லை.

பாலமுது எழுதியது:

பூண்டும் சுறாவும் நல்ல சாப்பாடு, சாப்பிடட்டும். ஆனால் எட்டு தடவை எடுக்க வேண்டியவர் நான்கு தடவை எடுத்துவிட்டு மீதியைப் பூண்டு பார்த்துக்கொள்ளும் என்று இருந்தால் நடக்காது. டோம்பெரிடோன் மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து, டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மூன்றாம் நாளுக்கு மேல் பால் இறங்கியதும் பம்ப் பயன்படும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்பம்ப் இருந்தால் 15–20 நிமிடத்தில் வேலை முடியும். வாய்ப்புனல் காம்புக்குச் சரியான அளவில் இல்லை என்றால் காம்பு உரசிப் புண்ணாகும், பாலும் குறையும். பம்ப் முடிந்தபின் இரண்டு நிமிடம் கையாலும் பீய்ச்சுங்கள், கடைசியில் வருவதில்தான் கொழுப்பு அதிகம். பாகங்களைப் பாத்திரம் தேய்க்கும் சிங்க்கில் போடாமல் தனி பேசினில் சோப்பு போட்டுக் கழுவி, தினம் ஒரு தடவையாவது பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள்.

வைத்திருக்கும் நேரம்: வெளியே 25 டிகிரிக்குள் என்றால் நான்கு மணி நேரம். நம் ஊர் மே மாத வார்டில் அந்தக் கணக்கு செல்லாது, எடுத்ததும் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் என்பது என்ஐசியு குழந்தைக்குப் பல யூனிட்கள் வைத்திருக்கும் எல்லை. கதவுப் பக்கம் வைக்க வேண்டாம், உள்ளே தள்ளி வையுங்கள். ஒரு கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் இரண்டு வாரம், தனிக் கதவு ஃப்ரீசரில் மூன்று மாதம். உருகிய பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது. அடுப்பிலும் மைக்ரோவேவிலும் சுட வைக்கவும் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பாட்டிலை நிறுத்தினால் போதும்.

நியோ_கோவை எழுதியது:

பால் அளவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். "இவ்வளவு பால் வருது, ஏன் ரெண்டு மில்லி மட்டும் கொடுக்கறீங்க" என்ற சண்டை எல்லா யூனிட் வாசலிலும் நடக்கிறது.

தொடக்கத்தில் கொடுப்பது குடலைப் பழக்க: ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10–20 மி.லி. 1200 கிராம் குழந்தைக்கு 12 முதல் 24 மி.லி.; இரண்டு மணிக்கு ஒரு தடவை என்றால் ஒரு வேளைக்கு 1 முதல் 2 மி.லி. ஒத்துக்கொண்டால் தினம் கிலோவுக்கு 20–30 மி.லி. கூட்டுவோம். முழு அளவு கிலோவுக்கு 150–180 மி.லி. 150 என்று வைத்தால் நாளைக்கு 180 மி.லி., அதாவது வேளைக்கு 15 மி.லி. அதுவரை மீதிச் சத்து ரத்தக்குழாய் வழியே போகும்.

அவசரப்படாததற்குக் காரணம் நெக் எனப்படும் குடல் அழற்சி. குறைமாதக் குடலில் ரத்த ஓட்டமும் பாதுகாப்பும் போதாது, சுவரே அழுகக்கூடும். வயிறு இறுகிப் பளபளப்பாக வீங்குவது, பால் கொடுக்கும் குழாயில் பச்சை நிறம் வருவது, மலத்தில் ரத்தம் ஆகியவை அடையாளங்கள். சிபாப் காற்றால் உப்பும் வயிறு மெத்தென்று இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டையும் தொட்டுப் பார்த்துப் பிரிப்பது எங்கள் வேலை. வயிறு நேற்றைவிட வித்தியாசமாகத் தெரிந்தால் சொல்வது உங்கள் வேலை.

நெக் வராமல் தடுக்க நம் கையில் இருப்பதில் பெரியது தாய்ப்பால். தாயின் பால் போதாவிட்டால் அடுத்தது வங்கிப் பால். 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது, இன்று தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது. அங்கே கொடையாளருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, கிருமிப் பரிசோதனையும் செய்கிறார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் கேட்டு வாங்கும் பாலுக்கு இந்த எதுவும் கிடையாது. நல்ல மனதோடு கொடுத்தாலும் வேண்டாம்.

கரிசல்காடு எழுதியது:

தாய்ப்பால் அவ்வளவு ஒசத்தின்னா அதுல எதுக்கு பவுடர் கலக்கறாங்க? பாக்கெட் விலையும் கொஞ்சமில்ல.

நியோ_கோவை எழுதியது:

நியாயமான கேள்வி. 29 வாரத்துக் குழந்தைக்கு வேண்டிய புரதமும் கால்சியமும் பாஸ்பரஸும் வயிற்றுக்குள் கடைசி மூன்று மாதத்தில் ஏற வேண்டியவை. தாய்ப்பாலில் மட்டும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, எலும்பு மெலிந்துவிடும். அதனால் 1500 கிராமுக்குக் கீழ் பிறந்தவர்களுக்குப் பால் கிலோவுக்கு 100 மி.லி. போல எட்டியதும் ஃபோர்டிஃபையர் (தாய்ப்பாலில் கலக்கும் சத்துப் பொடி) சேர்ப்போம். ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை மி.லி. பால் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையைப் படியுங்கள். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் பிரிப்பதுதான் பெரிய தவறு. ஒரு வேளை திக்காகி வயிறு உப்பும், அடுத்த வேளை தண்ணீராகப் போகும். கலந்த பாலை நாள் முழுக்க வைக்கவும் கூடாது.

இதுவும் புட்டிப்பால் பவுடரும் ஒன்றல்ல. பவுடர்ப் பாலை விளம்பரம் செய்யவோ, மருத்துவமனையில் சாம்பிள் டப்பா கொடுக்கவோ 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டிருக்கிறது. யாராவது இலவச டப்பா நீட்டினால் அது சட்டமீறல்.

எடை: முதல் வாரத்தில் 10–15 சதவீதம் இறங்கும், 1200 கிராம் 1050 ஆனாலும் பதற வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பினால் சரி. அதன்பின் கிலோவுக்கு 15–20 கிராம், அதாவது இந்தக் குழந்தைக்கு நாளுக்கு 18 முதல் 24 கிராம். ஒரே நாளில் 70 கிராம் ஏறினால் இனிப்பு வாங்காதீர்கள், பெரும்பாலும் நீர் கோர்த்திருக்கும், அல்லது தராசில் டயப்பரும் சேர்ந்திருக்கும்.

இரவுப்பணி எழுதியது:

பாலுக்கு அடுத்தது தோல். கங்காரு பராமரிப்பு.

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை. அதனால் மெஷின் இல்லாத ஊருக்கான மாற்று ஏற்பாடு என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. 2021-இல் வெளிவந்த ஐந்து நாட்டு ஆய்வில் (டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் உண்டு) 1000 முதல் 1799 கிராம் குழந்தைகளை, உடல்நிலை நிலைப்படும் வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே நெஞ்சில் போட்டார்கள். முதல் 28 நாள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக இறங்கியது. அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பிறந்தவுடன் தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்று பரிந்துரைத்தது.

செய்முறை. குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், டயப்பர் மட்டும். அம்மா குளித்துவிட்டு, செயின் கழற்றி, பவுடர் சென்ட் இல்லாமல், முன்பக்கம் திறக்கும் நைட்டியில் வர வேண்டும். சாய்வு நாற்காலியில் 30–45 டிகிரி சாய்ந்து உட்கார வேண்டும், தட்டையாகப் படுக்கக் கூடாது. குழந்தையை இரண்டு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி, தவளை போலக் கைகால் மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி வைக்கிறோம். தாடை நெஞ்சில் புதையவும் கூடாது, கழுத்து பின்னால் மடியவும் கூடாது. மூச்சுக்குழாய் சின்னது, கழுத்து மடங்கினாலே காற்று தடைபடும். துணியை இறுக்கமாகக் குழந்தையின் காது மட்டம் வரை கட்ட வேண்டும். லூசாகக் கட்டினால் ஐந்து நிமிடத்தில் சரிந்து கழுத்து மடங்கும், அலாரம் அடிக்கும், "கங்காரு ஒத்துக்கல" என்று பழி அதன்மேல் விழும்.

ஒரு தடவை போட்டால் ஒரு மணி நேரமாவது. எடுத்து வைப்பதுதான் குழந்தைக்குச் சிரமம், பதினைந்து நிமிடப் படம் பிடிக்கும் கங்காருவால் பயனில்லை. அப்பாவும் பாட்டியும் செய்யலாம். சளி, காய்ச்சல், தோலில் புண் இருந்தால் மட்டும் வேண்டாம்.

தறிச்சத்தம் எழுதியது:

சொல்றதுக்கு நல்லா இருக்கு. சிபாப் மாட்டின குழந்தையை வெளிய எடுக்கவே மாட்டேங்கறாங்க பல இடத்துல. அப்பாவை உள்ளயே விடறதில்ல. காலைல பத்து நிமிசம், சாயங்காலம் பத்து நிமிசம் கண்ணாடி வழியா பாக்கறதுக்கு பேரு பெற்றோரா?

இரவுப்பணி எழுதியது:

உங்கள் கோபம் நியாயம்தான். எங்கள் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள்: சிபாப் குழந்தையை மாற்ற இரண்டு பேர் வேண்டும், ஒருவர் குழந்தைக்கு, ஒருவர் குழாய்க்கு. இரவு ஷிஃப்டில் ஒரு நர்ஸ் பல குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில் அது நடக்காது. அதனால் "ஏன் விடமாட்டீர்கள்" என்று கேட்காமல் "எந்த நேரத்தில் இரண்டு பேர் இருப்பீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஷிஃப்ட் மாறும் நேரத்தையும் ரவுண்ட்ஸையும் தவிர்த்த ஒரு நேரம் கிடைக்கும்.

எடுக்கவே முடியாத நாளில் இன்குபேட்டர் துளை வழியாக ஒரு கையைத் தலையிலும் மறு கையைப் பாதத்திலும் வைத்து அசைக்காமல் அப்படியே இருங்கள். விரல் நுனியால் தடவிக் கொடுப்பது இந்த வயதுக் குழந்தைக்குக் கூசும், ஆக்சிஜன் இறங்கும். இன்குபேட்டர் மேல் பாட்டில் வைப்பது, கதவைப் படாரென்று சாத்துவது, பக்கத்தில் போன் ரிங், எல்லாம் உள்ளே பெரிதாகக் கேட்கும்.

நியோ_கோவை எழுதியது:

நான் இதில் நர்ஸ் பக்கம் முழுசாக நிற்க மாட்டேன். ஆள் போதாதென்றால் பெற்றோரைப் பழக்கி உள்ளே வைத்துக்கொள்வதுதான் ஆள் கூட்டும் வழி. டயப்பர் மாற்றுவது, குழாய் ஃபீடில் சிரிஞ்ச் பிடிப்பது, வெப்பநிலை பார்ப்பது, எல்லாம் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளக் கூடியவை. கிருமி பயம் என்பார்கள். கிருமி கைகழுவாத எல்லோராலும் வருகிறது, அதில் டாக்டரும் அடக்கம்.

கரிசல்காடு எழுதியது:

கை கழுவறதுல என்ன முறை? சானிடைசர் போதுமா? அப்புறம் அந்த மானிட்டர் சத்தம். ஒவ்வொரு தடவை கத்தும்போதும் உசுரு போகுது.

இரவுப்பணி எழுதியது:

அன்றைக்கு முதல் தடவை நுழையும்போது மோதிரம், வளையல், வாட்ச், மணிக்கட்டுக் கயிறு எல்லாம் கழற்றி, முழங்கை வரை சோப்பில் இரண்டு நிமிடம். சாமிக் கயிறைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை இடுப்பிலோ பர்ஸிலோ வைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் ஈரக் கயிறு இருக்கும்வரை கை சுத்தமில்லை. அப்புறம் ஒவ்வொரு முறை தொடுவதற்கு முன்னும் சானிடைசர் போதும், காயும் வரை தேய்க்க வேண்டும். டயப்பர் மாற்றினால் மறுபடி சோப்பு. உள்ளே போனைத் தொட்டால் கழுவியது வீண்.

மானிட்டரில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஆக்சிஜன் செறிவு. ஆக்சிஜன் கொடுக்கப்படும் குழந்தைக்கு 90 முதல் 95 வரை வைத்திருப்போம். 100 காட்டினால் நல்லது என்று நினைத்துக் குழாயைத் திறந்துவிடக் கூடாது, கூடுதல் ஆக்சிஜன் விழித்திரைக்குக் கேடு. வெறும் காற்றிலேயே 98 காட்டினால் அது பிரச்சினை இல்லை. அலாரம் அடித்தால் முதலில் குழந்தையைப் பாருங்கள். நிறம் சரி, நெஞ்சு ஏறி இறங்குகிறது என்றால் பெரும்பாலும் காலில் கட்டிய புரோப் (ஆக்சிஜன் அளக்கும் உணரி) நழுவியிருக்கும். மூச்சு 20 நொடி நின்றாலோ, அதற்குள்ளேயே நீலம் பாய்ந்தாலோ, இதயத் துடிப்பு இறங்கினாலோ அது அப்னியா. உள்ளங்காலை லேசாகத் தேய்த்துக்கொண்டே நர்ஸைக் கூப்பிடுங்கள். இதற்குத்தான் காஃபின் மருந்து போகிறது, கர்ப்பக் கணக்கில் 34 வாரத்தையொட்டி நிறுத்துவார்கள்.

ரவுண்ட்ஸில் கேட்க ஒரு கேள்வி: "இன்னைக்கு எத்தனை சதவீதம் ஆக்சிஜன் போகுது, நேத்து எத்தனை?" வெறும் காற்றே 21. 40-லிருந்து 30, 30-லிருந்து 25 என்று இறங்கினால் நுரையீரல் தேறுகிறது. "எப்படி இருக்கு" என்று கேட்டால் "ஸ்டேபிள்" என்ற பதில்தான் வரும். சிபாப் போட்ட மூக்கின் நடுத்தண்டு சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அங்கே புண் வந்தால் மூக்கு சிதையும்.

கூடல்நகர் எழுதியது:

பரிசோதனைகளுக்கு வருவோம். எது எப்போது, எதைத் தவறவிட்டால் திருத்தவே முடியாது?

நியோ_கோவை எழுதியது:

கண். மற்றவற்றில் கொஞ்சம் தாமதம் தாங்கும், இது தாங்காது.

விழித்திரையின் ரத்தக்குழாய்கள் முழுமையாக வளரும் முன் பிறந்த குழந்தைக்கு அவை தாறுமாறாக முளைத்து விழித்திரையைப் பிய்க்கலாம். ஆர்ஓபி என்பது அதுதான். நம் நாட்டில் 2000 கிராமுக்குக் கீழோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும். 34 வாரம் தாண்டியும் ஆக்சிஜனில் நெடுநாள் இருந்தவர்களுக்கும் சேர்த்து. முதல் பார்வை பிறந்த நான்கு வாரத்துக்குள். 28 வாரத்துக்கு முன்போ 1200 கிராமுக்குக் கீழோ என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. கண்மணி விரிய மருந்து விட்டுப் பார்ப்பார்கள், வாந்தி வராமலிருக்க அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பால் நிறுத்தப்படும். சிகிச்சை தேவைப்பட்டால் லேசரோ கண்ணுக்குள் ஊசியோ, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் கண் அழகாகவே இருக்கும், அதுதான் ஏமாற்றும். டிஸ்சார்ஜ் ஆனபின் "அடுத்த வாரம் வாங்க" என்றதை, பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். கண் டாக்டர் "விழித்திரை வளர்ந்து முடிந்தது, இனி வர வேண்டாம்" என்று எழுதித் தரும்வரை போக வேண்டும். மதுரை, கோவை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்குத் தனி மருத்துவர்கள் உண்டு.

மற்றவை: தலை ஸ்கேன் முதல் வாரத்தில் ஒன்று, ஒரு மாதம் வாக்கில் ஒன்று. முதல் இரண்டு கிரேடு மூளை ரத்தக்கசிவு பெரும்பாலும் தானாகக் கரையும். தலைச்சுற்றளவு வழக்கத்தைவிட வேகமாக ஏறினால் சொல்லுங்கள், நீர் தேங்குகிறதா பார்க்க வேண்டும். தைராய்டு பிறந்தவுடன் சரியாக இருந்தாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபடி, குறைமாதக் குழந்தையில் முதல் ரிசல்ட் ஏமாற்றும். காதுக்கு பெரா முறை (ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது) கேளுங்கள். ஓஏஇ (உள்காதை மட்டும் சோதிப்பது) மட்டும் பார்த்தால் நரம்பில் உள்ள கோளாறு தப்பிவிடும்.

ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் தாய்மாமன் முன்னால் வந்து நிற்பார். நெருங்கிய உறவின் ரத்தத்தைக் கதிர்வீச்சுக் கொடுக்காமல் ஏற்றக் கூடாது. ரத்த வங்கிக்குத் தானம் கொடுக்கட்டும், குழந்தைக்கு வேறொருவர் ரத்தம் வரட்டும்.

கரிசல்காடு எழுதியது:

பெரியவங்க சமாச்சாரம் ஒண்ணு கேக்கணும். சேனை வைக்கணும், உரை மருந்து குடுக்கணும், காதுல மூக்குல எண்ணெய் விடணும், சாம்பிராணி போடணும்னு வீட்ல நிப்பாங்க. எல்லாத்துக்கும் வேண்டாம்னா குடும்பத்துல சண்டைதான் வரும்.

பாலமுது எழுதியது:

எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" சொல்லத் தேவையில்லை. சேனை, தேன், உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது, இதில் பேரம் இல்லை. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி அங்கே நிமோனியா வரும். சாம்பிராணிப் புகை மாதக்கணக்கில் ஆக்சிஜனில் இருந்த நுரையீரலுக்கு நேரடிக் கேடு, கொசுவத்திச் சுருளும் அப்படியே. கண்மை வேண்டாம், சிலவற்றில் ஈயம் இருக்கும்.

எண்ணெய் தடவுவது பரவாயில்லை. உடல்நிலை நிலைப்பட்ட குழந்தைக்குத் தேங்காயெண்ணெய் மென்மையாக, அழுத்தித் தேய்க்காமல், முகம் தவிர்த்து. குளியல் இரண்டு கிலோ தாண்டட்டும், அதுவரை ஈரத்துணி துடைப்பு. திருஷ்டிப் பொட்டு உள்ளங்காலில் வைக்கலாம். மருத்துவமனையில் இருக்கும்வரை புரோப் கட்டாத காலாகப் பார்த்து.

வடமராட்சி எழுதியது:

இலங்கையிலை இந்தப் பிரிவைப் பிபியு எண்டுதான் சொல்லுவினம், மற்றபடி நீங்கள் சொல்லுறதெல்லாம் இஞ்சையும் பொருந்துது. ஒரு சந்தேகம். வீட்டை கொண்டுவந்த பிறகு பிள்ளையை ஏணையிலை போடலாமோ? வாட்டிலை குப்புறப் படுக்க வைச்சவை, வீட்டிலையும் அப்பிடியே விடலாமோ?

இரவுப்பணி எழுதியது:

இரண்டும் வேண்டாம். குப்புறப் படுக்க வைத்தது மானிட்டர் இருந்ததால். மூச்சு எளிதாகும், வயிறும் லேசாகும். வீட்டில் மானிட்டர் இல்லை, மல்லாக்கத்தான் படுக்க வேண்டும், தலையணை இல்லாமல், இறுக்கமான மெத்தையில். ஏணை, எங்கள் பக்கத் தூளி, துணி வளைவதால் தாடையை நெஞ்சில் கொண்டுபோய் இடிக்கும். கழுத்து நிற்கும் வரை தள்ளிப்போடுங்கள்.

கூடல்நகர் எழுதியது:

டிஸ்சார்ஜ் எப்போது? எடைதான் அளவுகோலா?

நியோ_கோவை எழுதியது:

எடை ஒரு பகுதிதான். பெரும்பாலான யூனிட்கள் 1600–1800 கிராமில் யோசிக்கத் தொடங்கும். அதோடு சேர்த்து: காஃபின் நிறுத்தி ஐந்து முதல் ஏழு நாள் அப்னியா இல்லாமல், சாதாரண அறையில் 36.5 முதல் 37.5 வரை உடல் வெப்பம் நிற்க, மூன்று நாளாகத் தொடர்ந்து எடை ஏற, குழாய் இல்லாமல் எல்லா வேளையும் குடிக்க. உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடும் மூன்றும் ஒருங்கிணைவது 34 வாரம் வாக்கில்தான். 32-லிருந்து பாலாடையில் (பால் புகட்டும் மூக்குள்ள சின்னக் கிண்ணம்) பழக்கலாம். பாலாடை முனையைக் கீழுதட்டில் வைத்துக் குழந்தை தானே நக்கி எடுக்கும்படி சாய்க்க வேண்டும். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். ஒரு வேளை 20–30 நிமிடத்துக்கு மேல் இழுத்தால் நிறுத்திவிடுங்கள், குடித்த சக்தி குடிப்பதிலேயே போகிறது.

கடைசி இரண்டு நாள் அம்மா குழந்தையோடு ஒரே அறையில் தங்கி, மருந்து உட்பட எல்லாவற்றையும் தானே செய்து பார்க்க யூனிட்டைக் கேளுங்கள். வீட்டில் நடக்கும் தவறுகளில் பாதி மருந்துச் சீட்டில். வைட்டமின் டி 400 ஐயூ என்று எழுதியிருப்பார்கள். ஒரு பிராண்டில் அது 1 மி.லி., இன்னொன்றில் அரை மி.லி. இரும்புச் சத்தும் அப்படித்தான், கிலோவுக்கு 2–4 மி.கி. என்பது பிராண்டுக்குத் தகுந்தபடி வெவ்வேறு சொட்டு. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி., சிரப்பில் 5 மி.லி.க்கு 120. கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று மாற்றிக் கொடுத்தால் நான்கு மடங்கு வித்தியாசம். பாட்டிலைக் காட்டி, 1 மி.லி. சிரிஞ்சில் எதுவரை என்று கோடு போட்டு வாங்குங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய அடையாளங்கள்: வழக்கத்தில் பாதிகூடக் குடிக்காதது, தூங்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணி மூச்சு 60-ஐத் தாண்டுவது, விலா உள்ளே இழுப்பது, பச்சை வாந்தி, நீலம், வலிப்பு. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் ஏறத் தொடங்கியிருக்கிறது. உடனே நெஞ்சோடு போட்டுப் போர்த்துங்கள், ஒரு மணி நேரத்தில் சூடாகாவிட்டால் 108. ஆம்புலன்ஸிலும் நெஞ்சிலேயே வரட்டும்.

தறிச்சத்தம் எழுதியது:

காசு, காகிதம் பத்தி யாருமே பேசலையே. நான் போடறேன்.

அரசு மருத்துவமனைல பச்சிளங்குழந்தைக்கு மருந்து, ரத்தம், டெஸ்ட், வண்டி எல்லாம் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்துல இலவசம், 2011-லேருந்து இருக்கு. வெளிய வாங்கிட்டு வரச் சொன்னா அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்க. தனியார்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை, குழந்தையைச் சேர்க்கற அன்னைக்கே கவுண்டர்ல குடுங்க, முன்அனுமதி வாங்கணும், பில் ஏறின பிறகு கொண்டு போனா சேராது. சொந்தக் காப்பீட்டுல பல பாலிசி பிறந்த குழந்தையை 90 நாள் கழிச்சுத்தான் சேர்க்கும், பிரசவ கவர் இருந்தா மட்டும் முதல் நாள்லேருந்து. பாலிசியைப் பிரிச்சுப் படிங்க.

வேலைக்குப் போற அம்மாவுக்கு 26 வாரம் சம்பள விடுப்புக்கு மேல, குறைப்பிரசவத்தால வந்த உடல்நலக் குறைவுக்கு ஒரு மாசம் வரைக்கும் சம்பளத்தோட கூடுதல் விடுப்பு சட்டத்துலயே இருக்கு. அது தாயோட உடல்நிலைக்கான விடுப்பு, டாக்டர் சான்று வேணும். எச்ஆர் தானா சொல்ல மாட்டாங்க. பிறப்புப் பதிவு 21 நாளுக்குள்ள. டிஸ்சார்ஜ் சம்மரில எத்தனை வாரம், எத்தனை கிராம், எத்தனை நாள் ஆக்சிஜன், கண் ரிப்போர்ட், நாலும் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. பின்னாடி மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போனா அதைத்தான் முதல்ல கேப்பாங்க. அங்க பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம்.

கரிசல்காடு எழுதியது:

கடைசியா ஒண்ணு. தடுப்பூசியைப் பிறந்த தேதிக்குப் பாக்கணுமா, பிறந்திருக்க வேண்டிய தேதிக்கா?

நியோ_கோவை எழுதியது:

பிறந்த தேதிக்கு. 6, 10, 14 வார ஊசிகள் அந்தந்த வாரத்திலேயே, குழந்தை சின்னதாக இருக்கிறதென்று தள்ளவோ அளவைப் பாதியாக்கவோ கூடாது. விலக்கு ஒன்று: 2000 கிராமுக்குக் கீழுள்ள குழந்தைக்கு, தாய்க்கு ஹெபடைட்டிஸ் பி இல்லை என்று உறுதியானால், முதல் ஹெபடைட்டிஸ் ஊசியை ஒரு மாதம் கழித்துப் போடலாம். தாய்க்கு இருந்தால் 12 மணி நேரத்துக்குள் ஊசியோடு இம்யூனோகுளோபுலினும். அந்த முதல் ஹெபடைட்டிஸ் ஊசியைக் கணக்கில் சேர்க்காமல் பின்னால் மூன்று போட வேண்டும்.

கழுத்து நிற்பது, உட்காருவது, இணை உணவு தொடங்குவது எல்லாம் மற்ற தேதிக்கு. 29 வாரத்தில் பிறந்தது 11 வாரம் முன்னதாக வந்திருக்கிறது. ஆறு மாதம் ஆனபோது அதன் திருத்திய வயது மூன்றரை மாதம்தான், அப்போது குப்புற விழவில்லை என்று பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். சோறும் பருப்பும் திருத்திய வயது ஆறு மாதத்தில். இரண்டு வயது வரை இந்தக் கழித்தலைப் போட்டுக்கொண்டே இருங்கள்.